மூளையில் செல் வளர்ப்போம்

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

இன்றைய பிழை: 'செல்' என்ற சொல்லை யோசிக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மாலை வகுப்பில் ராதாமணி மேடம் சொல்லித் தந்த முறைப்படி எழுதுகிறேன். மொழிபெயர்ப்பு படிக்கிறவர்கள் நாட்குறிப்பு வைத்திருக்க வேண்டும். முதலில் அன்றைய பிழை, பிறகு நடந்தது, கடைசியில் மறுநாள் வேலை. பிழையே செய்யாத நாளில் என்ன எழுதுவது என்று ஒருவர் கேட்டார். அப்படி ஒரு நாள் வந்தால் டாக்டரைப் பார்க்கச் சொன்னார் மேடம்.

பகலில் நான் வேலை பார்ப்பது கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகும் சாலையில் புதிதாக வந்திருக்கும் மூளை வளர்ச்சி உயராய்வு நிறுவனத்தில். முன்பு அது கல்யாண மண்டபம். மணமகள் அறையில் இப்போது மூளையை அளக்கப் போகிறார்கள். இயக்குநர் டாக்டர் சங்கரபாண்டி சார் மணமகன் அறையில் உட்கார்ந்திருக்கிறார். கதவில் பழைய எழுத்து இன்னும் இருக்கிறது. அவர் அதை எடுக்கச் சொல்லவில்லை.

கஞ்சாச் செடியில் போதை தராத ஒரு பொருள் உண்டு. அதைக் கொடுத்தபோது மூளையில் புதிய நரம்புச் செல்கள் வளர்ந்ததாகவும், அதனால் மனச்சோர்வு குறையலாம் என்றும் எங்கோ வெளிநாட்டில் எலிகளிடம் கண்டிருக்கிறார்களாம். அதை இங்கே மனிதர்களிடம் சோதித்துப் பார்ப்பது நிறுவனத்தின் நோக்கம். ஆங்கிலத்தில் வருவதையெல்லாம் தமிழில் எழுதுவது என் வேலை.

சார் எதுகை வேண்டும் என்றார். நான் எழுதிக் கொடுத்தேன்: 'மூளையில் செல் வளர்ப்போம், மனதை நாம் வெல்வோம்.' அவர் இரண்டு முறை படித்துவிட்டுக் கை தட்டினார். சாயங்காலத்துக்குள் சாலையில் போகிற லாரிக்காரர்களுக்குத் தெரிகிற அளவில் பதாகை ஏறிவிட்டது.

வகுப்பு முடிந்து புதூர் பஸ் பிடித்து ஊருக்கு வந்தேன். பெருமைக்கு ஒரு நோட்டீஸைக் கையில் கொண்டுவந்திருந்தேன். அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏட்டி பிரியா, மூளையில செல்லு வளக்காவளா? நம்ம நிலைக்கதவுல செல்லு ஏறி அரிச்சுத் தள்ளுது. நான் வேப்பெண்ணெயத் தடவித் தடவிச் சாவுதேன். இவிய என்னன்னா கட்டடம் கட்டி வளக்காவளாக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இது கரையான் இல்லை, உடம்பில் இருக்கிற சின்னஞ்சிறு உயிர்த்துளி என்றேன். அம்மா அப்படியா என்று கேட்டுக்கொண்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. கதவு நிலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் இசக்கிராஜா திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து திரும்பி வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன். குளிக்கவில்லை, பேசவில்லை. அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். போன மாதம்தான் ஆடுகளைப் பத்திக்கொண்டு போக ஆரம்பித்தான். ஒருநாள் சாயங்காலம் ஒரு குட்டி குறைகிறது என்று தெருவில் நின்று கத்தினான். அவன் சத்தம் போட்டதற்காக அம்மா சந்தோஷப்பட்டு அழுதாள். எங்கள் அய்யா வயல்களில் ஆட்டுக் கிடை போட வெளியூர் போயிருக்கிறார். அவருக்குப் போன் போட்டு, "பய கத்துதான்" என்று சொன்னாள்.

நாளைய வேலை: 'செல்' என்பதை 'உயிரணு' என்று மாற்றும்படி சாரிடம் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்றைய பிழை: கூட்டத்தில் குறுக்கே பேசினேன்.

என் வேண்டுகோளை சார் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். ஒரு சொல்லை ஒருவர் மாற்றக்கூடாது, அது சர்வாதிகாரம் என்றார். சொல்லாய்வு உபகுழு அமைக்கப்பட்டது. ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் ஒருவர், தமிழ் அமைப்புத் தலைவர் ஒருவர், பதாகை அச்சடித்த கடைக்காரர் ஆகியோர் உறுப்பினர்கள். கடலைமிட்டாயும் தேநீரும் வந்தன.

'உயிரணு' என்பதில் 'அணு' இருக்கிறது, நம் பக்கத்து ஜனங்கள் அணு என்றாலே அணு உலை என்று போராட்டப் பந்தல் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்றார் முதல்வர். 'கண்ணறை' என்று பழைய அகராதியில் உண்டு என்றார் தமிழ் அமைப்புத் தலைவர். கண் ஆஸ்பத்திரி என்று நினைத்துக் கூட்டம் வந்துவிடும் என்று அதைத் தள்ளினார்கள். எங்கள் ஊரில் செல் என்றால் கரையான் என்று நான் சொன்னபோதுதான் குறுக்கே பேசிய பிழை நடந்தது. சார் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

"அம்மா, மக்கள் அறியாமையில் இருக்கிறார்கள் என்பதற்காக அறிவியல் குனிய முடியுமா? நாம் புரியும்படி எழுத ஆரம்பித்தால், நம்மிடம் எதற்கு வருவார்கள்?"

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். பதாகை ஏற்கெனவே அச்சாகிவிட்டதால் சொல் சரியானதே என்று தீர்மானம் நிறைவேறியது. அதே கூட்டத்தில் 'நோயாளி' என்ற சொல் மனதைப் புண்படுத்துகிறது என்று நீக்கப்பட்டு 'மூளைப் பங்காளர்' என்று வைக்கப்பட்டது.

இதையும் அம்மாவிடம் சொன்னேன். "பங்காளியா? வேண்டாம் தாயி. இருக்கிற பங்காளியளோட வரப்புத் தகராறே இன்னும் தீரல" என்றாள்.

கூட்டம் முடிந்து சார் என்னைக் கூப்பிட்டார். வேலைக்குச் சேரும்போதே அண்ணனைப் பற்றி அவரிடம் சொல்லியிருந்தேன். நிறுவனத்துக்குப் பங்காளர்கள் தேவை, ஊழியர் குடும்பத்துக்கு முன்னுரிமை, உன் அண்ணன் அதிர்ஷ்டசாலி என்றார். ஒரே நிபந்தனைதான். பழைய மாத்திரையை நிறுத்த வேண்டும். மூளை சுத்தமாக இருந்தால்தான் வளர்ச்சி தெரியும்.

மாத்திரை சாப்பிட்டால் அண்ணனுக்குத் தூக்கம் அழுத்துகிறது, வாய் உலர்கிறது. புதிய செல்கள் வளர்ந்தால் அவன் முன்போல ஆகிவிடுவானோ என்று எனக்கும் ஆசை இருந்தது. டாக்டர் சொல்கிறாரே என்று நினைத்தேன்.

நாளைய வேலை: அண்ணனிடம் பேச வேண்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்றைய பிழை: கேட்க வேண்டியதைக் கையெழுத்து போட்ட பிறகு கேட்டேன்.

அண்ணன் வந்தான், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். அலுவலகக் கண்காணிப்பாளர் உச்சிமாகாளி அண்ணாச்சி அவனிடமிருந்து மாத்திரை அட்டைகளையும் அரசு மருத்துவமனைச் சீட்டையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். சுத்த மூளைக்கு அது அத்தாட்சியாம். பிறகு மணமகள் அறையில் உட்காரவைத்து நாக்குக்கு அடியில் சொட்டு விட்டார்கள். அண்ணன் வாயைச் சப்பிப் பார்த்தான்.

"நல்லெண்ணெய்லா இது" என்றான்.

அண்ணாச்சி மறுக்கவில்லை. அந்தப் பொருளை எண்ணெயில் கலந்துதான் கொடுக்க வேண்டும், எண்ணெய்க்குச் சுமப்பான் என்று பெயர் என்று விளக்கினார். சுமப்பான் வந்துவிட்டது. சுமக்க வேண்டியது வரவில்லை. கஞ்சா என்ற சொல் பெட்டியில் இருந்ததால் அது வழியில் எங்கோ பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நல்லெண்ணெய் மார்க்கெட் ரோட்டில் செக்கில் ஆட்டியது.

அப்படியானால் மருந்து இல்லாமல் என்ன ஆய்வு என்று சாரிடம் கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை.

"மருந்து கொடுத்து ஒருவர் குணமானால் அதில் என்ன ஆராய்ச்சி? அது மருத்துவம். மருந்து இல்லாத நிலையில் மருந்தின் விளைவை ஆராய்வது முதற்கட்டம். உலகத்தில் யாரும் செய்யவில்லை."

அடுத்து மனநிலையை அளந்தார்கள். கேள்விகளை நான்தான் மொழிபெயர்த்திருந்தேன், ஒன்றையும் விடாமல். கடந்த வாரம் லிஃப்டில் ஏறும்போது பதற்றம் இருந்ததா என்றார்கள். ஏறவில்லை, அதனால் பதற்றம் இல்லை என்றான். விருந்துகளில் அந்நியர்களோடு நடனமாடத் தயங்கினீர்களா என்றார்கள். அண்ணன் என்னைப் பார்த்தான். இல்லை என்று எழுதச் சொன்னேன். அவனுக்கு மிக நல்ல மதிப்பெண் வந்தது. நிறுவனத்தில் இதுவரை வந்ததிலேயே உயர்ந்தது என்று சொன்னார்கள். இதுவரை வந்தது அவன் ஒருவன்தான்.

சாயங்காலம், சார் எந்த ஊரில் மருத்துவம் படித்தவர் என்று அண்ணாச்சியிடம் மெல்லக் கேட்டேன்.

"மருத்துவமா? சார் டாக்டர் பட்டம் வாங்குனது பருத்தி விதை முளைப்புலம்மா. அதுவும் வளர்ச்சிதானே."

நாளைய வேலை: மாத்திரையைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 3, புதன்

இன்றைய பிழை: ஒரு சான்றிதழைச் சரியாக மொழிபெயர்த்தேன்.

மாத்திரையைத் தினமும் கேட்கிறேன். அலமாரிச் சாவி சாரிடம், சார் சென்னையில், திறப்பு விழாவுக்கு ஆள் அழைக்க. வேலைக்கு வந்தவள்தானே, அலமாரியை உடைக்கத் தெம்பு இல்லை. அரசு மருத்துவமனையில் கேட்டால் பழைய சீட்டு இல்லாமல் வேறு மருந்து எழுத மாட்டார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டு போகாமல் இருக்கிறேன். அங்கே மனநல டாக்டர் செவ்வாய்தான் வருவார். இரண்டு செவ்வாய் போய்விட்டது.

திறப்பு விழாவுக்குப் பாதுகாப்புச் சோதனை என்று இன்று மோப்ப நாய் கொண்டுவந்தார்கள். நாய் மணமகன் அறை, மணமகள் அறை, சாப்பாட்டுக் கூடம், பாத்திர அறை எல்லாம் மோந்தது. எண்ணெய்ப் புட்டிகளை நக்கிப் பார்த்தது. கடைசியில் வாசலில் படுத்துக்கொண்டது. இந்நிறுவனத்தில் கஞ்சாவோ கஞ்சா சார்ந்த எந்தப் பொருளோ இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சார் அதைச் சென்னையிலிருந்தே போனில் கேட்டு மகிழ்ந்தார். நிறுவனம் பெற்ற முதல் சான்றிதழ். சட்டம் போட்டு வரவேற்பு மேசைக்கு மேலே மாட்டச் சொன்னார். பக்கத்தில் தமிழாக்கமும் வேண்டும் என்றார். கஞ்சாப் பொருளை ஆராயும் நிறுவனத்தில் கஞ்சாப் பொருள் எதுவும் இல்லை என்று தெளிவாகவே எழுதினேன். யாரும் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அண்ணன் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். ஆடுகளை அம்மாதான் பத்திக்கொண்டு வந்திருந்தாள். தலைக்குள் ஏதோ ஊர்கிறது என்கிறானாம். நிலைக்கதவில் செல் ஏறியபோது செய்ததையே அம்மா செய்திருக்கிறாள். வேப்பெண்ணெயைச் சுடவைத்துக் காதில் ஊற்றியிருக்கிறாள். காது சிவந்து சீழ் வைத்திருந்தது. பக்கத்தில் போனால் நாற்றம்.

"நீதான எழுதியிருந்த, மூளையில செல்லுன்னு" என்றாள்.

அன்று நான் சொன்ன விளக்கம் அவளுக்கு ஏறவில்லை. பதாகை பெரிதாக இருக்கிறது, என் விளக்கம் சின்னதாக இருந்தது.

நாளைய வேலை: காதுக்கு மருந்து வாங்க வேண்டும். அலமாரிச் சாவி.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்றைய பிழை: காலையில் அண்ணன் தானாகச் சட்டை மாட்டிக்கொண்டு புதூருக்குக் கிளம்பியபோது, நல்ல அறிகுறி என்று நினைத்தேன்.

பூச்சி மருந்துக் கடையில் கரையான் மருந்து வாங்கி வந்திருக்கிறான். தலையணைக்குக் கீழே இருந்ததை அம்மா பார்த்துவிட்டாள். மூடி திறக்கவில்லை. எதற்கு என்று கேட்டதற்கு, "செல்லுக்கு" என்றான். கதவுக்கா என்று கேட்டோம். காதைத் தடவிக்கொண்டான்.

அம்மா அதை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள். கரிசல் வெடித்துக் கிடந்த இடத்தில் குழி தோண்டி, பாட்டிலோடு புதைத்து, மேலே கல்லை உருட்டிவிட்டு வந்தாள். அதன் பிறகு இருவரில் ஒருவர் அவன் பக்கத்திலேயே இருக்கிறோம்.

சாருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். மருந்து, காது, கரையான் பாட்டில், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். கலங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"உள்ளே ஊர்கிறது என்று அவரே சொன்னாரா?"

"ஆமா சார்."

"யாரும் சொல்லிக்கொடுக்காமல்?"

"ஆமா சார்."

"கிருஷ்ணப்ரியா, இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? பங்காளர் தன் மூளை வளர்வதைத் தானே உணர்கிறார். எலிக்கு இதைச் சொல்லத் தெரியாதே. நாளைக்கு விழாவில் அவர் பேச வேண்டும்."

அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறேன், மாத்திரையும் சீட்டும் வேண்டும் என்றேன். ஆய்வில் இருப்பவர் வேறு டாக்டரைப் பார்த்தால் மூளை அசுத்தமாகிவிடும், அப்புறம் நான்கு வார உழைப்பும் வீண் என்றார். யாருடைய உழைப்பு என்று சொல்லவில்லை. நாளை விழாவுக்கு அண்ணனோடு வந்தால் மாத்திரைகள் இருக்கும் இடம் எனக்கே தெரிந்துவிடும் என்று மட்டும் சொன்னார்.

நாளைய வேலை: அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய் மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். வேறு எதற்கும் நிற்கக்கூடாது.

செப்டம்பர் 15, திங்கள்

இன்றைய பிழை: நின்றேன். சிறிது நேரம் நின்றேன்.

மாத்திரைகள் இருக்கும் இடம் வாசலிலேயே தெரிந்துவிட்டது. முன்பு மண்டபத்தில் சீர்வரிசை வைக்கும் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் நீலத் துணி விரித்து, அண்ணனுடைய மாத்திரை அட்டைகளையும் அரசு மருத்துவமனைச் சீட்டையும் வைத்திருந்தார்கள். மேலே எழுதியிருந்தது: 'நம் பங்காளர்கள் கைவிட்ட பழைய மருந்துகள்'. பெட்டியைச் சுற்றி ரிப்பன் கட்டியிருந்தது. சிறப்பு விருந்தினர் வெட்டும்வரை யாரும் தொடக்கூடாது என்று உச்சிமாகாளி அண்ணாச்சி பக்கத்தில் நின்றார்.

"அண்ணாச்சி, எங்க அண்ணன் மாத்திரை. எடுத்துட்டுப் போயிருதேன்."

"விழா முடியட்டும்மா. இங்கன இது காட்சிப் பொருளு. எடுத்துட்டா பெட்டி வெறுமையாயிரும்லா."

அதற்குள் அண்ணனை மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். விளக்குக்கும் புட்டி எண்ணெய்தான் ஊற்றினார்கள். ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். மிச்சமிருந்ததை அண்ணனுக்குப் போர்த்தினார்கள். காதிலிருந்து வடிந்தது அதன் கரையில் பட்டது. பக்கத்தில் இருந்த விருந்தினர் மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலியை நகர்த்தினார்.

சார் பேசினார். முழுவதும் எழுத முடியவில்லை. நினைவில் நிற்பது இது:

"சிலர் கேட்கிறார்கள், எத்தனை பேர் குணமானார்கள் என்று. மனநோய் ஒழிந்துவிட்டால் மனநல நிறுவனம் எதற்கு? நாம் அவசரப்படக் கூடாது. நம் நிறுவனத்தில் மருந்து இல்லை, ஆனால் பக்கவிளைவும் இல்லை. மருத்துவர் இல்லை, ஆனால் தவறான சிகிச்சையும் இல்லை. நோயாளி என்ற சொல்லையே ஒழித்துவிட்டோம். இதற்கு மேல் ஒரு நிறுவனம் என்ன செய்ய முடியும்?"

கை தட்டினார்கள். பிறகு ஒலிவாங்கியை அண்ணன் வாய்க்கு நேரே பிடித்தார்கள். அண்ணன் வெகு நேரம் அதைப் பார்த்தான். வீட்டில் கடந்த ஒரு வாரத்தில் பேசியதைவிட அதிகமாகப் பேசினான்.

"தலைக்குள்ள செல்லு ஊருது. நல்லா வளந்துட்டுன்னு இந்த அய்யா சொல்லுதாவ. எனக்கு வேண்டாம். யாராச்சும் எடுத்து விடுங்க."

சார்தான் முதலில் கை தட்டினார். அப்புறம் மண்டபம் முழுக்கத் தட்டியது. சொல்லாய்வு உபகுழு முன்வரிசையில் எழுந்து நின்று தட்டியது. அண்ணன் அந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டான். சீழ் வைத்த காதை அழுத்திப் பொத்தினான். வலியில் அவன் வாய் திறந்ததை நான் கீழே நின்று பார்த்தேன். யாரோ அதைப் படம் எடுத்தார்கள்.

அது வரைதான் நின்றேன்.

ரிப்பனைப் பிய்த்தேன். கண்ணாடி மூடியைத் தூக்கி, அட்டைகளையும் சீட்டையும் எடுத்துத் துப்பட்டாவில் முடிந்துகொண்டேன். "ஏம்மா, சீஃப் கெஸ்ட் இன்னும் வெட்டல" என்று அண்ணாச்சி கையை நீட்டினார். என்னைப் பிடிக்கவா ரிப்பனைப் பிடிக்கவா என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் ரிப்பனைப் பிடித்துக்கொண்டார். மேடை ஏறி அண்ணன் கையைப் பிடித்தேன். சார் ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு, இப்போது இறங்கினால் இருவரும் ஆய்விலிருந்து காணாமல் போனவர்கள் என்று பதிவாகும் என்றார். பதிந்துகொள்ளுங்கள் என்றேன். பொன்னாடையை நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கினோம்.

அரசு மருத்துவமனைக்கு நேரே போனோம். மனநல டாக்டர் நாளைக்குத்தான் என்றார்கள். அவசரப் பிரிவில் இருந்த டாக்டரிடம் கரையான் மருந்து விஷயம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனோடு தனியாகப் பேசினார். இங்கேயே படுக்கச் சொன்னார், அம்மாவை வரவழைக்கச் சொன்னார், தனியாக விடவே கூடாது என்றார். அந்தக் கஞ்சாப் பொருள் நிஜமாகவே மூளையை வளர்க்குமா என்று கேட்டேன். எலியிடம் கொஞ்சம் தெரிகிறது, மனுசரிடம் என்ன ஆகும் என்று இன்னும் சரியாகத் தெரியாது, தெரிந்தால் நாங்களே கொடுப்போம் என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். டாக்டர் என்றேன். எந்த டாக்டர் என்று கேட்டார். பருத்தி டாக்டர் என்று சொல்ல வாய் வரவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து அண்ணனிடம் சொன்னேன்.

"அண்ணே, தலைக்குள்ள செல்லு கெடையாது. உயிரணுன்னு எழுதணும். எதுகைக்காக நான்தான் செல்லுன்னு எழுதிட்டேன்."

"நீயா எழுதுன?"

"ஆமா."

அவன் யோசித்தான்.

"ஒன் எழுத்துப் பிழைக்கா அம்மா எங் காதுல எண்ணெயக் காய்ச்சி ஊத்துனா?"

ஆமாம் என்றேன். அவன் சிரிக்கவில்லை. ஆனால் என்னைப் பார்த்துத்தான் கேட்டான், சுவரைப் பார்த்து அல்ல. இன்னும் ஊர்கிறதா என்று கேட்டேன். ஊர்கிறது என்றான்.

நாளைய வேலை: செவ்வாய். காலையில் முதல் ஆளாக மனநலப் பிரிவுக்குச் சீட்டு எடுக்க வேண்டும். பழைய அட்டைகளைக் காட்டி, எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்று கேட்க வேண்டும். காதுக்குத் தனிச் சீட்டு.